'கங்-ஹோ': ஒரு சொல்லின் பாதியும் மீதியும்

(நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் நூறாண்டுப் பெருமையைப் பேச இந்த மேடையில் எம்மைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நாங்கள் இங்கே படித்து, பின்னர் இங்கேயே ஆங்கிலம் படிப்பித்தவர்கள். ஆகையால் எமக்குத் தெரிந்த தொழிலையே செய்யலாம் என்று எண்ணினோம். ஒரேயொரு ஆங்கிலச் சொல்லை எடுத்து, அது எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, எங்கே வந்து நிற்கிறது என்று சொல்லப் போகிறோம். பரீட்சை வைக்கமாட்டோம் என்று முதலிலேயே உறுதி தருகிறோம்.

அந்தச் சொல் 'கங்-ஹோ'. வெளிநாட்டுக் கிளைகளில் இருக்கும் பிள்ளைகளின் கடிதங்களில் இது அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஒருத்தியைப் பற்றி 'அவ எல்லாத்துக்கும் சரியான கங்-ஹோ' என்று எழுதினால், அது பாராட்டா, பரிகாசமா என்று எளிதில் பிடிபடாது. அகராதியைப் புரட்டினால் மட்டுமீறிய உற்சாகம், யோசனையில்லாமல் முன்னே பாயும் ஆர்வம் என்ற பொருள் கிடைக்கும். எம்மவர்கள் இப்படிப்பட்டவளை 'முந்திரிக்கொட்டை' என்பார்கள். முந்திரிப் பழத்துக்கு வெளியே அதன் கொட்டை துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். 'அவசரக்குடுக்கை' என்றும் சொல்வதுண்டு. இந்த இரண்டு பெயர்களையும் வகுப்பறையில் ஒருமுறையாவது கேளாத பெண்பிள்ளை இந்த மண்டபத்தில் இருப்பாளா என்பது சந்தேகம்.

ஆனால் 'கங்-ஹோ' பிறந்தபோது அதற்கு இந்தப் பொருள் இல்லை. அது ஆங்கிலச் சொல்லுமல்ல. அது பிறந்த இடம் சீனா. பிறந்த காலம் ஒரு யுத்த காலம்.

1937ஆம் ஆண்டு ஜப்பானியப் படைகள் சீனாவின்மேல் முழு அளவிலான போர் தொடுத்தன. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஷங்காய் நகரம் மூன்று மாதச் சண்டைக்குப் பின் வீழ்ந்தது. சீனாவின் நவீன ஆலைகளிற் பெரும்பாலானவை ஷங்காயிலும் ஏனைய கரையோர நகரங்களிலுமே இருந்தன. ஆலைகள் எரிந்தன. தொழில் தெரிந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இலட்சக்கணக்கானோர் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு நாட்டின் உட்புறத்தை நோக்கி நடந்தார்கள். இடம்பெயர்வு என்றால் என்னவென்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

அப்போது ஷங்காயில் றெவி அலி என்ற நியூசிலாந்துக்காரர் ஒருவர் இருந்தார். மாவோரி மக்களின் தலைவர் ஒருவருடைய பெயரைத்தான் பெற்றோர் அவருக்கு வைத்திருந்தார்கள். 1927இல் சீனாவுக்கு வந்து, முதலில் தீயணைப்புப் படையிலும் பின்னர் நகரசபையின் தொழிற்சாலைப் பரிசோதகராகவும் வேலை பார்த்தவர். பட்டு ஆலைகளில் சின்னஞ்சிறு பிள்ளைகள் கொதிநீர்த் தொட்டிகளருகே நின்று வேலை செய்வதை நேரிற் கண்டவர். அமெரிக்கப் பத்திரிகையாளரான எட்கார் ஸ்னோவும் அவருடைய மனைவி ஹெலன் பொஸ்ரர் ஸ்னோவும் அவருடைய நண்பர்கள்.

இந்த ஹெலன் என்ற பெண்மணியை நாம் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். அகதிகளுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, அவர்களுடைய தொழிலை அவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குக் கூட்டுறவே தக்க வழி என்ற எண்ணத்துக்கு வித்திட்டவர் என்று குறிப்பிடப்படுபவர் அவரே. அதைப் பற்றி நூலும் எழுதினார். ஆனால் அவர் எழுதியது 'நிம் வேல்ஸ்' என்ற புனைபெயரில். சொல்லின் கதையைச் சொல்பவர்களும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஒரு மகளிர் கல்லூரியின் பழைய மாணவியராகிய நாமாவது அந்தப் பெயரை உரிய இடத்திற் சொல்லி வைப்போம்.

1938ஆம் ஆண்டு ஹன்கோ நகரில் சீனத் தொழிற் கூட்டுறவு அமைப்பு தொடங்கப்பட்டது. முதற் கூட்டுறவு வடமேற்கே பாவோஜி என்ற சிறு நகரத்தில், இடம்பெயர்ந்து வந்த கொல்லர்களைக் கொண்டு அமைந்தது. பின்னர் நெசவு, சவர்க்காரம், காகிதம், அச்சு, சப்பாத்து, காயத்துக்குக் கட்டும் துணி என்று ஒவ்வொன்றாகப் பெருகி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு பட்டறைகள் உருவாகின. அகதிப் பெண்கள் கையால் கம்பளி நூற்றார்கள். அந்த நூல் படையினருக்குப் போர்வையாயிற்று. குண்டுவீச்சுக்குப் பெரிய ஆலை ஒன்று இலக்காகும். ஒரு குகையிலோ கோயில் மண்டபத்திலோ இயங்கும் பத்துப் பேரின் பட்டறையை விமானத்திலிருந்து தேடிப்பிடிப்பது கடினம். தேவைப்பட்டால் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே முதலாளி என்று ஒருவர் இல்லை. வேலை செய்பவர்களே பங்குதாரர்கள். கூட்டம் கூடித் தீர்மானிப்பவர்களும் அவர்களே.

இனிச் சொல்லுக்கு வருவோம். சீன மொழியில் நீண்ட பெயர்களைச் சுருக்கும்போது ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் எடுத்துக்கொள்வார்கள். 'தொழில்' என்பதற்கான சொல்லிலிருந்து ஓரெழுத்து, 'கூட்டுறவு' என்பதற்கான சொல்லிலிருந்து ஓரெழுத்து. இரண்டும் சேர்ந்து 'கோங் ஹ' என்பதற்கு நெருக்கமான ஒலி. அதைத்தான் ஆங்கிலத்தில் 'கங்-ஹோ' என்று எழுதினார்கள். பட்டறை வாசலில் தொங்கிய பலகையிலும் போர்வையில் குத்திய முத்திரையிலும் இருந்த இரண்டு எழுத்துகள், அவ்வளவுதான்.

எமக்கு இது புதுமையான சங்கதியல்ல. எமது ஊர்களில் சங்கக்கடை வாசலில் 'ப. நோ. கூ. ச.' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் என்பதன் சுருக்கம் அது. கூப்பன் அட்டையோடு அந்த வாசலில் வரிசையில் நின்ற காலம் உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். வேற்று நாட்டுப் படை அதிகாரி ஒருவர் அந்தப் பலகையைக் கண்டு, மனம் கவர்ந்து, தம் நாட்டுக்குப் போய் 'பநோகூச! பநோகூச!' என்று படையினருக்கு முழக்கம் சொல்லிக் கொடுத்தால் எப்படியிருக்கும்? சிரிக்கிறீர்கள். ஏறக்குறைய அதுதான் நடந்தது.

சீன எழுத்துகளில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பொருள் உண்டு. 'கோங்' என்றால் வேலை. 'ஹ' என்றால் சேர்தல். ஆகவே ஒரு பெயரின் சுருக்கமாக இருந்த அந்த இரண்டெழுத்தையும் 'சேர்ந்து வேலை செய்' என்ற முழக்கமாகவும் வாசிக்க இடமிருந்தது. சீனர் ஒருவர் சாதாரணப் பேச்சில் அப்படிச் சொல்லமாட்டார். ஆனாலும் இயக்கத்தோடு ஒட்டி நின்ற வெளிநாட்டு நண்பர்களுக்கு அந்த விளக்கம் பிடித்துப்போயிற்று.

அவர்களில் ஒருவர் எவன்ஸ் கார்ல்சன். அமெரிக்க மரீன் படை அதிகாரி. 1937-38இல் வட சீனாவில் சீனப் போராளிகளோடு நெடுந்தூரம் நடந்து, அவர்கள் போரிடும் முறையைப் பார்வையிட்டவர். அங்கே அவரைக் கவர்ந்தது ஆயுதங்களல்ல. ஏன் இந்த வேலை, எதற்காக இந்தப் பயணம் என்பது கடைசிச் சிப்பாய்க்கும் விளக்கப்பட்டிருந்ததே அவரைக் கவர்ந்தது. 1942 பெப்ரவரியில் கலிபோர்னியாவில் ஒரு புதிய அதிரடிப் படைப்பிரிவை அமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தபோது, சீனாவில் கண்டதை அங்கே செய்து பார்த்தார். அதிகாரிகளுக்கென்று தனிச் சலுகை இல்லை, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. அதோடு 'கங்-ஹோ கூட்டம்' என்று ஒன்றையும் நடத்தினார். நாளைக்கு என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்யப்போகிறோம் என்று அதிலே சொல்லப்படும். பதவி பாராமல் யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம், குறையும் சொல்லலாம்.

கவனியுங்கள், இந்தக் கட்டத்திலும் சொல்லின் பொருள் கெடவில்லை. 'கங்-ஹோ' என்பது சத்தமிட்டுக்கொண்டு முன்னே ஓடுவதல்ல. ஓடுவதற்கு முன் உட்கார்ந்து பேசுவது.

1942 ஆகஸ்டில் அந்தப் படைப்பிரிவு இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்களிற் சென்று, பசிபிக் கடலிலுள்ள மேக்கின் தீவில் திடீர்த் தாக்குதல் நடத்தியது. தோல்விச் செய்திகளையே கேட்டுச் சலித்திருந்த அமெரிக்கப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. 1943இல் 'கங் ஹோ!' என்ற பெயரிலேயே திரைப்படமும் வந்துவிட்டது. இரண்டெழுத்துப் பெயர்ப்பலகை உலகமறிந்த போர்க்குரலாயிற்று. அதே 1943இல் கார்ல்சன் அந்தப் பிரிவின் தலைமையிலிருந்து மாற்றப்பட்டார். அவருடைய தனிப்பட்ட நடைமுறைகளும் அவரோடு போயின.

முழக்கம் மட்டும் மிஞ்சியது. கூட்டத்தில் உட்கார்ந்திராத மற்றப் படைவீரர்களின் காதில் அது ஓர் ஆரவாரமாகத்தான் விழுந்தது. அளவுக்கு மீறித் துள்ளுபவனை, மேலதிகாரி கண்ணிற்பட வேண்டுமென்று முதலாவதாகக் கைதூக்குபவனை, 'அவன் பெரிய கங்-ஹோ' என்று கேலி செய்யத் தொடங்கினார்கள். போர் முடிந்து வீடு திரும்பியவர்களோடு அந்தக் கேலியும் வீட்டுக்கு வந்தது. கந்தோர்களுக்கும் பாடசாலைகளுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் பரவியது. 1986இல் அதே பெயரில் இன்னொரு திரைப்படம் வந்தபோது, கதை அமெரிக்காவில் கார்த் தொழிற்சாலை நடத்தும் ஜப்பானியரைப் பற்றியது. ஜப்பானியப் படையெடுப்பால் வீடிழந்த சீனத் தொழிலாளரின் பெயர்ப்பலகை கடைசியில் எந்தக் கதைக்குத் தலைப்பாயிற்று என்று பாருங்கள்.

ஒரு சொல் இப்படிச் சரிவது ஆங்கிலத்தில் முதல்முறையல்ல. உற்சாகத்தைக் குறிக்கும் 'என்தூசியாசம்' என்ற சொல்லுக்கும் இதே போன்ற தலையெழுத்து இருந்தது. அது கிரேக்க மொழியிலிருந்து வந்தது. கடவுள் உள்ளே குடிகொண்டிருக்கும் நிலை என்பது அதன் அடிப்பொருள். ஆனால் 17ஆம், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது ஒரு வசைச்சொல். கடவுள் தன்னோடு நேரே பேசுகிறார் என்று நம்பிக்கொண்டு அறிவை ஒதுக்கி வைப்பவரை அப்படி அழைத்தார்கள். ஜோன் லொக் என்ற தத்துவ அறிஞர் தமது பெருநூலின் நான்காம் பதிப்பிலே, 1700இல், அதைக் கண்டித்து ஓர் அதிகாரமே சேர்த்தார். அந்தச் சொல் பிற்காலத்தில் மானம் மீண்டு நல்ல சொல்லாயிற்று. 'கங்-ஹோ' எதிர்ப்புறமாக நடந்தது. நல்ல சொல்லாகப் பிறந்து கேலிச்சொல்லாயிற்று.

காரணம் என்னவென்று நாங்கள் எங்களுக்குள் பேசிப் பார்த்தோம். எமக்குத் தோன்றியது இதுதான். 'கங்' வேலை, 'ஹோ' சேர்தல். 'ஹோ'வைக் கழற்றிவிட்டால், தனியாக ஓடும் ஒருத்தி மட்டும் மிஞ்சுகிறாள். தனியாக ஓடுபவளைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள். ஓடுபவள் திரும்பிப் பார்க்காததும் குறை, மற்றவர்கள் கூட ஓடாததும் குறை. ஆனால் சொல் பழியைச் சுமத்துவது ஓடுபவளின்மேல் மாத்திரமே.

இதை ஏன் பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டில் வந்து சொல்கிறோம்? நூறு ஆண்டு நின்ற எந்தச் சங்கமும் இந்த இரண்டு குறைகளையும் கடந்துதான் நின்றிருக்கும்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஒரு வேலைக்கு ஆள் தேவை என்றதும் எழுந்து நிற்கும் ஒருத்தி ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. மண்டபம் பிடிப்பாள், சிற்றுண்டிக்குச் சொல்வாள், சந்தா சேர்ப்பாள், கடைசியில் கதிரையும் அடுக்குவாள். பின்வரிசையில் இருந்து நாம் என்ன சொல்கிறோம்? 'அவவுக்குப் பேர் எடுக்க ஆசை.' இந்த ஒரு வாக்கியம் கெடுத்த நல்ல காரியங்கள் எத்தனை! பெண்பிள்ளைக்குச் சிறுவயதிலிருந்தே 'முந்தாதே' என்று சொல்லிச் சொல்லி, தெரிந்த விடையைச் சொல்லவும் கை தூக்காத பிள்ளைகளை நாங்கள் வகுப்பறையிற் பார்த்திருக்கிறோம். இன்று இங்கே அமர்ந்திருக்கும் சிறுமிகளே, உங்களை யாராவது முந்திரிக்கொட்டை என்றால் வருந்தாதீர்கள். அந்தக் கொட்டைக்குள்தான் பருப்பு இருக்கிறது.

இரண்டாவது குறையும் உண்மை. எல்லாவற்றையும் தானே செய்துவிடும் உற்சாகம் சங்கத்துக்கு நல்லதல்ல. அறிக்கைப் புத்தகமும் வங்கிப் புத்தகமும் முகவரிப் பட்டியலும் ஒரே வீட்டு அலுமாரியில் இருந்தால், அந்த வீட்டுக்காரி நோயில் விழும் நாளில் சங்கமும் படுத்துவிடும். கடல் கடந்த உதவியிலும் இப்படி நடப்பதுண்டு. தண்ணீர்த் தொட்டியும் மலசலகூடமும் அவசரமாகத் தேவைப்படும் ஒரு பாடசாலைக்கு, யாரையும் கேளாமல், அன்பின் மிகுதியால் கணினிகள் வந்து இறங்கும். அனுப்பியவர்களின் உற்சாகத்தில் குறையில்லை. இல்லாதது அந்தக் 'கூட்டம்' மட்டுமே. அனுப்புமுன் ஒருமுறை அதிபரோடும் ஆசிரியர்களோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேசியிருந்தால், அதே பணம் வேறு முகத்தோடு வந்திருக்கும்.

சீனக் கூட்டுறவுகளின் கதையில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. அந்த இயக்கம் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சிப் பாடசாலைகளையும் நடத்தியது. பாதி நாள் படிப்பு, பாதி நாள் பட்டறை. அவற்றில் ஒன்றுக்குத் தலைமையாசிரியராக இருந்தவர் ஜோர்ஜ் ஹொக் என்ற ஆங்கில இளைஞர். ஒக்ஸ்போர்டிற் படித்துவிட்டுச் சீனாவுக்கு வந்து தங்கியவர். யுத்தம் நெருங்கவே, 1944-45 குளிர்காலத்தில் ஏறக்குறைய அறுபது மாணவர்களோடு பனி மலைப் பாதைகளைக் கடந்து, கான்சு மாகாணத்திலுள்ள ஷான்டான் என்ற ஊருக்குப் பாடசாலையையே இடம்பெயர்த்தார். அவரைவிடப் பெரிய உற்சாகி யார்? ஆனால் 1945 யூலையில், பிள்ளைகளோடு பந்து விளையாடும்போது காலில் ஏற்பட்ட ஒரு சிறு காயம் ஏற்புவலியாகி, முப்பதாவது வயதில் இறந்துபோனார்.

பாடசாலை மூடப்படவில்லை. றெவி அலி அங்கேயே தங்கிப் பொறுப்பை ஏற்றார். மாணவர்கள் ஏற்கெனவே பட்டறையில் பழகியவர்கள், தங்கள் காரியங்களைத் தாங்களே பார்க்கக் கற்றவர்கள். ஒருவருடைய உற்சாகம் பலருடைய பழக்கமாக மாறியிருந்தது. 'ஹோ' என்ற எழுத்துக்கு இதைவிட நல்ல உரை எமக்குத் தெரியாது. சீனத் தொழிற் கூட்டுறவுகள் 1950களின் தொடக்கத்தில் ஓய்ந்துபோயின. ஆனால் அவற்றின் சர்வதேசக் குழு, அலி மறைந்த அதே 1987ஆம் ஆண்டில், மீண்டும் இயங்கத் தொடங்கியது. அணைந்த அடுப்பில் கிடந்த தணல்போல, முப்பது ஆண்டுக்கு மேல் அந்தப் பெயர் உயிரை வைத்திருந்திருக்கிறது.

எமது சங்கத்தின் அடுத்த நூற்றாண்டுக்கு நாங்கள் பெரிய திட்டம் எதையும் முன்வைக்க வரவில்லை. மூன்று சிறிய விண்ணப்பங்கள் மட்டுமே. ஒன்று, ஒவ்வொரு பதவிக்கும் பக்கத்தில் இருபது வயது இளைய ஒருத்தியை இருத்திப் பழக்குவோம். இரண்டு, எந்த உதவிக்கும் பணம் சேர்க்குமுன் கல்லூரியிடம் தேவை என்னவென்று கேட்டு, கேட்டதை எல்லாக் கிளைகளுக்கும் எழுதுவோம். மூன்று, அடுத்தமுறை ஒருத்தி எழுந்து 'நான் செய்கிறேன்' என்றால், அவளைப் பார்த்துச் சிரிக்காமல், 'நானும் வாறன்' என்று பக்கத்தில் இன்னொருத்தி எழும்புவோம்.

தேநீர் இடைவேளையில் வாசல் மேசையில் வேலைப் பட்டியல் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு பெயர் எழுத இடம் விட்டிருக்கிறோம். ஒரு பெயர் மட்டும் எழுதிய வரியை எடுத்துக்கொள்ளமாட்டோம். பேனா அங்கேயே இருக்கிறது.